வீட்டுத் தரையைப் பெயர்த்து சூளையில் போட்டவர்: யார் இந்த பெர்னார் பாலிசி?

ஒரு பெரிய நீள்வட்டத் தட்டு. நடுவே பாம்பு நெளிகிறது. சுற்றிலும் தவளை, பல்லி, மீன், நத்தை. நிஜம்னு நினைத்துக் கையை இழுத்துக்கொள்வீர்கள். ஆனால், எல்லாமே சுட்ட மண்! பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி அலையும் இந்த பிரெஞ்சுப் பாண்டங்களுக்கு 'பாலிசி' என்றே பெயர். அது ஒரு மனிதரின் பெயர்.

16 ஆண்டுப் பிடிவாதம்

சுமார் 1510-ல் தென்மேற்கு பிரான்ஸில் பிறந்தவர் பெர்னார் பாலிசி. கண்ணாடியில் ஓவியம் தீட்டுவது தொழில். இடையிடையே நில அளவை வேலையும் பார்த்தார். ஒருநாள் பளபளக்கும் வெள்ளைப் பூச்சுடன் ஒரு கிண்ணத்தைப் பார்த்தார். சூளையில் உருகி, கண்ணாடி மாதிரி படியும் பூச்சு அது. அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினார். மண் வேலையில் ஆனா, ஆவன்னாகூட அப்போது அவருக்குத் தெரியாது.

சுமார் 16 ஆண்டுகள் போராடினார். கடன் ஏறியது, வீட்டில் சண்டை. கள்ள நாணயம் அடிக்கிறார் என்றுகூட ஊரில் பேச்சு. ஒருமுறை விறகு தீர்ந்துபோக, மேசையையும் வீட்டுத் தரைப் பலகைகளையும் சூளையில் போட்டு எரித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பாம்பு எப்படி வந்தது?

இறந்த பாம்பு, தவளை, மீன்களின் மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார். அந்த அச்சில் களிமண்ணை அழுத்தினால் செதில்கூடத் தப்பாது. பூச்சில் பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு மாங்கனீஸ்.

அரண்மனையும் சிறையும்

பாலிசி புராட்டஸ்டன்ட். மதச்சண்டை உச்சத்தில் இருந்த 1560-களில் கைதானார். அவருடைய கைவேலையை விரும்பிய பெரிய இடத்து ஆட்கள் தலையிட்டதால் உயிர் தப்பியது. ராஜமாதா காத்தரின் தெ மெதிசி ஆதரவில் பாரிஸில் பட்டறை அமைந்தது. மலைமேல் கிடக்கும் கல்லாகிப்போன சிப்பிகள் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை, ஊற்றுநீர் மழையிலிருந்து வருகிறது என்றெல்லாம் அங்கே பாடம் நடத்தினார். 1580-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

அதற்குப் பிறகு மறுபடியும் கைது. மதம் மாற மறுத்த முதியவர், 1590-ஐ ஒட்டி பஸ்தீய் சிறையிலேயே இறந்தார்.

அசல் எது?

இங்கேதான் சேகரிப்பவர்களுக்குத் தலைவலி. பாலிசி தன் பாண்டங்களில் பெயர் பொறிக்கவில்லை. பூச்சுக்கான பொருள்களை எழுதினாரே தவிர, அளவைச் சொல்லவில்லை. 1840-களில் தூர் நகரக் குயவர் ஷார்ல் அவிசோ அந்தப் பாணியை மீட்டெடுத்தார். பின்னாலேயே பலர் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அந்த 19-ம் நூற்றாண்டுச் சரக்குதான். நல்ல வேலைப்பாடு இருந்தால் அவற்றுக்கும் தனி மதிப்பு உண்டு.

பாலிசியின் கைவேலை என்று நம்பிச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே. 1980-களில் பாரிஸ் லூவர் வளாகத்தைத் தோண்டியபோது, அவர் பட்டறையின் அச்சுகளும் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அசலை அடையாளம் காண இன்று அந்தத் துண்டுகளே பெரிய துணை.