செடியைத் தேடிப் போன ஓவியர்



ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால், மசினகுடி வந்துவிடும். மேலே குளிரும் தேயிலைத் தோட்டமும். கீழே வெயிலும் மூங்கில் புதரும் தேக்கும். கோடை தொடங்கும்போது புரச மரம் நெருப்பாய்ப் பூத்து நிற்கும். ஒரே மாவட்டம்தான். ஆனாலும் இடம் மாறினால் செடி கொடிகளும் மாறிவிடுகின்றன, பார்த்தீர்களா? ஒரு செடியை வரைய வேண்டுமானால், அது வளரும் இடத்துக்கே போக வேண்டும் என்று நினைத்தார் ஓர் ஓவியர். அதற்காகத் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றினார். அவர்தான் மரியான் நார்த்.

மரியான் 1830 அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர், வசதியான குடும்பம். தந்தையும் மகளும் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போவதுண்டு. 1848-ல் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்தாரே மெக்ஐவர், அவரும் அங்கே பயிற்சி பெற்றவர்தான்!

ஒருநாள் கியூ பூங்காவின் இயக்குநர், மரியானின் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார். அது பர்மாவிலிருந்து வந்த ஆம்ஹெர்ஸ்டியா மரத்தின் செந்நிறப் பூ. மரத்திலிருந்து சரம் சரமாய்த் தொங்கும் அழகிய பூ அது. இத்தகைய பூக்கள் மலரும் வெப்ப நாடுகளை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றே அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

ஆனால், உடனே கிளம்ப முடியவில்லை. 1855-ல் தாய் இறந்துபோனார். தந்தையைப் பிரிவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார் மரியான். அதைக் காப்பாற்றினார். 1869-ல் தந்தையும் மறைந்தார். அதன்பின் 1871-ல், தமது 40-வது வயதில், வண்ணப் பெட்டியோடு கப்பல் ஏறினார். பெண்கள் தனியாகப் பயணம் செய்வது அரிதாக இருந்த காலம் அது! அவரிடம் பணம் இருந்தது. பெரிய மனிதர்களின் அறிமுகக் கடிதங்களும் இருந்தன. ஆனால் மழையும் சேறும் கடிதத்தைப் பார்த்தா வழிவிடும்? அவற்றை அவரேதான் தாங்க வேண்டியிருந்தது.

அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை என்று அவர் பயணம் நீண்டது. 1877 முதல் 1879 வரை இந்தியாவில் சுற்றி, 200-க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். நம் தஞ்சாவூருக்கும் வந்தார். அங்கே நீதிபதியாக இருந்த பர்னெல் என்ற வடமொழி அறிஞரிடம், இந்துக்கள் புனிதமாகப் போற்றும் செடிகளைப் பற்றிக் கேட்டறிந்தார்.

அவர் ஓவியங்களில் என்ன சிறப்பு தெரியுமா? அக்காலத்தில் தாவரங்களை வரைபவர்கள், பெரும்பாலும் வெள்ளைத் தாளில் இலையையும் பூவையும் மட்டும் தனியாக வரைவார்கள். மரியானோ, செடியின் பின்னால் இருக்கும் மலையையும் ஆற்றையும், அதில் வந்து உட்காரும் பூச்சியையும் சேர்த்தே தைல வண்ணத்தில் தீட்டினார். வண்ணப் புகைப்படம் பரவாத காலம் அல்லவா? அந்தச் செடி எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது என்பதை மக்கள் அவர் ஓவியத்தில்தான் பார்த்தார்கள்.

போர்னியோவில் அவர் வரைந்த ஒரு பெரிய குடுவைச் செடியை, அதுவரை தாவரவியலாளர்கள் அறிந்திருக்கவில்லை. ஓவியத்தைப் பார்த்த பிறகு, அதைத் தேடி ஆள் அனுப்பினார்கள். பூச்சிகளைப் பிடித்து உண்ணும் அந்தச் செடிக்கு இன்று மரியானின் பெயரே வழங்குகிறது!

பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின், ஆஸ்திரேலியச் செடிகளையும் பார்க்காமல் விடக் கூடாது என்று அவருக்கு ஆலோசனை கூறினார். 1880-ல் அங்கும் போனார் மரியான்.

இத்தனை ஓவியங்களையும் அவர் விற்கவில்லை. கியூ பூங்காவிலேயே தம் செலவில் ஓர் ஓவியக்கூடம் கட்டி, பொதுமக்களுக்காகக் கொடுத்துவிட்டார். 1882-ல் அது திறக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் நெருக்கமாக மாட்டப்பட்டன. அவற்றின் கீழே, பல நாடுகளில் சேகரித்த 246 வகை மரத்துண்டுகளைப் பதித்தார். களைத்து வரும் பார்வையாளர்களுக்குத் தேநீரும் காபியும் கொடுக்க விரும்பினார். பூங்கா இயக்குநர் சம்மதிக்கவில்லை. மரியான் என்ன செய்தார் தெரியுமா? கதவுகளின் மேலே தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார்!

பிறகு அவர் உடல் நலிந்தது. காதும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சிலி நாட்டின் மலைகளில் வளரும் அரோகேரியா மரம் மட்டும் ஓவியக்கூடத்தில் இல்லையே என்ற குறை அவருக்கு. 1884-ல் நோயோடு கப்பல் ஏறிப் போய், அதையும் வரைந்து வந்தார். 1890 ஆகஸ்ட் 30 அன்று, 59-வது வயதில் காலமானார். அவர் கட்டிய ஓவியக்கூடத்தை இன்றும் பார்க்கலாம்.

குழந்தைகளே, நீங்கள் கப்பல் ஏற வேண்டாம். யானைகள் நடமாடும் காட்டுக்குள் தனியாகப் போகவும் கூடாது! பள்ளி வேலியோரம் உண்ணிச்செடி பூத்திருக்கும். அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்த செடி அது. இன்று முதுமலைக் காட்டில் புல் வளரவிடாமல் பரவிக் கிடக்கிறது. பறித்து வந்து வரையாதீர்கள். அருகில் நின்று, அதன் பூவையும், அதில் உட்காரும் வண்ணத்துப்பூச்சியையும், அதன் அடியில் புல் இருக்கிறதா இல்லையா என்பதையும் பார்த்து வரையுங்கள். தாளின் மூலையில் இடத்தையும் தேதியையும் எழுத மறந்துவிடாதீர்கள்!