கென்னத்தின் மகன்

விண்ணப்பத் தாள்களில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டு தயங்காத தமிழ் மாணவர் பெங்களூரில் இருக்கமாட்டார். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கும் நாம் அங்கே எதை எழுதுவது? இக்கேள்வியோடு பெயர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நான், மெக்கன்சி என்ற பெயரில் வந்து நின்றேன்.

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மெக்’ என்றால் மகன். மெக்கன்சி என்பது கென்னத்தின் மகன். கிண்டெயில் மலைப்பகுதியில் வேரூன்றிய அக்குடி, 1610இல் லூயிஸ் தீவையும் தனதாக்கிக் கொண்டது. நம் முன்னெழுத்து தலைமுறைதோறும் மாறுகிறது, அவர்களுடையதோ நிலைத்துவிட்டது. வேறுபாடு அவ்வளவே!

அத்தீவில் 1754இல் பிறந்தவர் காலின் மெக்கன்சி. மடக்கையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத முனைந்த நேப்பியர் பிரபுவுக்காக, இந்தியக் கணிதம் பற்றிய செய்திகளைத் திரட்டினார். அறிவியல் மாணவனாகிய எனக்கு இது தனி மகிழ்ச்சி. 1783இல் சென்னைக்கு வந்தார். பிரபுவின் மகள் மதுரையில் இருந்தார். அங்கே பண்டிதர்களைச் சந்தித்ததும் பழஞ்செய்திகளைத் திரட்டும் வேட்கை வளர்ந்தது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், நாம் வாழும் பெங்களூரும் அடங்கியிருந்த மைசூர் நாட்டை அளக்கும் பணி அவரிடம் வந்தது. கும்பெனியார் நாட்டை அளந்தது ஆள்வதற்கே. அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் நிலத்தோடு நின்றாரில்லை. கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். வமிசாவளிகளையும் ஊர்க் கைபீதுகளையும் சேர்த்தார்.

நம் மொழிகளை அவர் கற்றவரல்லர். காவலி வெங்கட போரையாவும், 1803இல் அவர் மறைந்தபின் தம்பி லட்சுமையாவும், அவர்களோடு பல உதவியாளரும் ஊர் ஊராய் அலைந்து தேடித் தந்தனர். ஆனால் தொகுப்பு முழுவதும் மெக்கன்சி என்ற ஒரு பெயரால்தான் வழங்குகிறது!

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, 1821இல் வங்காளத்தில் மறைந்தார். 1828இல் வெளிவந்த பட்டியலில் 8,076 கல்வெட்டுப் படிகள் கணக்கிடப்பட்டன. சுவடிகளில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

கடல் கடந்து வந்த கென்னத்தின் மகன் நம் ஊர்களின் வமிசாவளியைத் தேடினார். நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டனாரின் தந்தை பெயர் தெரியும்? விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, முன்னெழுத்துக்கு அப்பால் உள்ள பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். சொல்லித் தந்தவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.