கொடுமுடிக் கோகிலம் சுந்தராம்பாள் அம்மையார்

பெரியோர் வரலாறு என்றவுடனே முடிமன்னரும், நாவலரும், நாடாண்ட தலைவருமே பெரும்பாலும் நம் நினைவில் எழுவர். நாடக மேடையிற் பாடிப் பிழைத்தோரை அவ்வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்ததில்லை. இரவு முழுதும் கண்விழித்து அவர்தம் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த ஊரார், பொழுது விடிந்தபின் அவரைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தவும் தயங்கினர். ஆடவர்க்கே இந்நிலையெனின், நாடகத்திற் புகுந்த பெண்டிர் அடைந்த இழிவைச் சொல்லவும் வேண்டுமோ? அத்தகைய மேடையினின்று புறப்பட்டுச் சட்ட மேலவையிலும் மதிப்புடன் வீற்றிருந்த ஒருவரை நம் கொங்கு நாடு ஈன்றது. அவரே கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார். வறுமையும் கைம்மையும் உலகத்தார் ஏளனமும் வழியெல்லாம் அடைத்து நின்ற காலத்தும், தமக்கென ஒரு வழி கண்டு நடந்த அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கு நோக்கித் திரும்பும் இடத்தில், அதன் மேல்கரையில் அமைந்துள்ளது கொடுமுடி. தேவார ஆசிரியர் மூவரும் பாடிய பெருமை வாய்ந்த அவ்வூர், கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. இன்று ஈரோடு மாவட்டத்தைச் சார்ந்த அது, அந்நாளில் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தது. அங்கே 1908-ஆம் ஆண்டில், பாலாம்பாள் என்னும் அம்மையின் மகளாகச் சுந்தராம்பாள் பிறந்தார். ஊரின் பெயரும் அன்னையின் பெயருமே பிற்காலத்தில் அவர் பெயருக்கு முன் இரண்டெழுத்தாக நின்று விளங்கின. தந்தையை இளமையிலேயே இழந்த அக்குடும்பத்தை வறுமை வாட்டியது. மக்களைக் காக்க வழியறியாத அன்னை கரூருக்குச் சென்று அல்லலுற்றார். கல்வி கற்கவேண்டிய வயதில், பசியைப் போக்கிக்கொள்ளப் பாடவேண்டியவராயினார் சிறுமி சுந்தராம்பாள். இரயில் வண்டியில் ஏறி, பயணம் செய்வோர் முன்னிலையிற் பாடி, அவர் இடும் காசைப் பெற்று வீடு திரும்புவார் என்பர்.

ஆயினும் அக்குரல் வண்டிச் சத்தத்தில் மறைந்தொழியவில்லை. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே உத்தியோகம் பார்த்தவரும், நாடகக் கலையில் மிக்க ஈடுபாடு உடையவருமான எப். ஜி. நடேச ஐயர் அவர் குரலின் அருமையை உணர்ந்து, வேலு நாயர் நடத்திவந்த நாடகக் கம்பெனியிற் சேர்ப்பித்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வருந்தும் சிறுவனின் வேடமே அவர் முதலில் தாங்கிய வேடங்களுள் ஒன்று. பசியின் கொடுமையைப் பிறர் சொல்லக் கேட்டு நடிக்கவேண்டிய நிலை அவருக்கு இல்லை. தாம் பட்டதையே பாடினார். கேட்டோர் கண் கலங்கினர்.

அக்காலத்து நாடகத்தின் இயல்பை இக்காலத்து மாணவர் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் இயற்றிய நாடகங்கள் இரவில் தொடங்கி வைகறை வரையில் நிகழும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்த செல்வனும், கடைசியில் தரையில் அமர்ந்த கூலியாளும் ஒருங்கே கேட்கும்படி பாடினால்தான் நடிகர் நிலைத்து நிற்கலாம். ஹார்மோனியம் வாசிப்பவர் சுருதியை உயர்த்த உயர்த்த, அதற்கு ஈடு கொடுக்கவேண்டும். சொல் சிதைந்தால் கதை விளங்காது. கதை விளங்காவிடில் கூட்டம் பொறாது. எட்டாத சுருதியை எளிதில் எட்டியதோடு, ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக ஒலித்த சுந்தராம்பாளின் பாட்டுமுறை இப்பள்ளியிலேதான் உருவாயிற்று. பெண் வேடமேயன்றி ஆண் வேடமும் தாங்கி அவர் புகழ் பெற்றார்.

1926-ஆம் ஆண்டில் அவர் இலங்கை சென்று கொழும்பு நகரில் நடித்தார். செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றிருந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அங்கு வந்தார். அவருடைய குரலுக்கு இணையான குரல் வேறில்லை என்பது அக்காலத்து இரசிகர் கொள்கை. அவரோடு மேடையேறினால் இப்பெண்ணின் பெயர் மங்கிவிடும் என்று சிலர் அஞ்சினர். நிகழ்ந்ததோ வேறு. வள்ளி திருமணத்தில் இருவரும் மாறிமாறிப் பாடியபோது, ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டை உயர்த்தியதேயன்றித் தாழ்த்தவில்லை. மேடையில் தொடங்கிய நட்பு 1927-ஆம் ஆண்டில் திருமணமாக முடிந்தது. இருவர் பெயரையும் சேர்த்து அச்சிட்ட விளம்பரத்தைக் கண்டவுடன் ஊர் ஊராக மக்கள் திரண்டனர். இருவர் இசைத்தட்டுக்களும் கிராமபோன் வழியாக நாடக மேடை சென்றறியாத வீடுகளிலும் ஒலித்தன.

ஆனால் அவ்வாழ்க்கை வெளியே தோன்றிய அளவுக்கு இனியதாக இருக்கவில்லை. கிட்டப்பா முன்னரே மணமானவர். இரண்டாம் மனைவியாகப் புகுந்தவர்க்கும், முன்னவளாக இருந்தவர்க்கும் உண்டான துயரத்தை அளந்து கூறுதல் நம்மால் இயலாது. பெற்ற குழவியும் நெடுநாள் வாழவில்லை. கணவன் மனைவியரிடையே பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. உடல் நலிவுற்ற கிட்டப்பா, 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள், தம் இருபத்தெட்டாம் வயதில் உலகை விட்டு நீங்கினார். அப்போது சுந்தராம்பாளின் வயது இருபத்தைந்து.

அன்று தொட்டு அவர் வெள்ளாடை உடுத்தார், நெற்றியில் நீறணிந்தார். எந்த நடிகருக்கும் இணையாக இனி மேடையில் தோன்றுவதில்லை என்றும் உறுதி பூண்டார். இவ்வுறுதியால் அவர் துறந்தது இன்னதென நாம் உணரவேண்டும். நாடகத் தொழிலே தலைவனும் தலைவியும் எதிரெதிர் நின்று பாடும் பாட்டின்மேல் அமைந்தது. வள்ளியும் இல்லை, சந்திரமதியும் இல்லையெனின் பெண்ணொருத்திக்கு அத்தொழிலில் எஞ்சுவது யாது? கைம்பெண் மூலையில் ஒடுங்கவேண்டும் என்பது அக்காலத்தார் எண்ணம். நடிகை துயரத்தை விரைவில் மறந்துவிடுவாள் என்பதும் அவர்தம் எண்ணமே. அம்மையார் மூலையிலும் ஒடுங்கவில்லை, துயரத்தையும் மறக்கவில்லை. சில காலத்துக்குப் பின் மேடைக்கு மீண்டு, நந்தனாராக வேடம் பூண்டு பாடினார்.

1935-ஆம் ஆண்டில் அந்நந்தனார் கதையே சினிமாப் படமாக வெளிவந்தது. அதில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு கிராமத்தையே விலைக்கு வாங்கத்தக்க அத்தொகை, நாடெங்கும் வியப்பை விளைத்தது. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். படம் முழுவதும் புகழப்பட்டது என்று கூறுவதற்கில்லை. பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியுமே அதில் நன்றாக நடித்துள்ளன என்று ஆசிரியர் கல்கி நகையாடி எழுதினார். எனினும், கோயிலினுள் புகலாகாதென விலக்கப்பட்ட அடியாரின் ஏக்கத்தை, உலகத்தாரால் விலக்கி நோக்கப்பட்ட ஒரு பெண் பாடியதில் ஒரு பொருத்தம் உண்டன்றோ?

நாட்டு விடுதலைக்கும் அவர் குரல் பயன்பட்டது. தாமே மேடையில் நடித்த அனுபவமுடைய தலைவர் சத்தியமூர்த்தி, நாடகக் கலைஞரை இழிவாக எண்ணாது காங்கிரஸ் பணிக்கு அழைத்தவர். அம்மையார் கதர் உடுத்தி, காந்தியடிகளைப் போற்றும் பாட்டுக்களைப் பாடினார். காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாட்டைக் கேட்கவே பெருங்கூட்டம் கூடும். எழுத்தறியாத உழவரும் நெசவாளரும் அப்பாட்டின் வழியே நாட்டின் செய்தியை உணர்ந்தனர். நாடு விடுதலையடைந்தபின், 1951-ஆம் ஆண்டில் சென்னைச் சட்ட மேலவையில் அவர் உறுப்பினராயினார். சினிமாத் துறையினின்று சட்டமன்றம் புகுந்தோருள் இந்திய நாட்டிலேயே அவரை முதல்வராகக் கூறுவர்.

தமிழ் பயிலும் மாணவர் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. அம்மையார் பூண்ட உறுதியே அவர் ஏற்ற வேடங்களையும் தேர்ந்தளித்தது. 1940-ஆம் ஆண்டில் அவர் மணிமேகலையாக நடித்தார். இளவரசன் காதலை விலக்கி, அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவள் மணிமேகலை. பசியறிந்த கொடுமுடிச் சிறுமி அவளாக நின்றாள். 1953-ஆம் ஆண்டில் எஸ். எஸ். வாசன் எடுத்த ஔவையார் என்னும் படம் அவர் புகழைச் சிகரத்தில் ஏற்றியது. மணவாழ்க்கையை வேண்டாது முதுமையை விரும்பிப் பெற்ற ஔவை என்றவுடனே, அவர் உருவமே பலருக்கும் தோன்றலாயிற்று. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பூம்புகாரில், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகளாக விளங்கினார். அதற்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி மாற்றுக் கட்சியைச் சார்ந்தவர். அம்மையாரோ காங்கிரஸ்வாதி, முருகன்பால் நீங்காத பத்தி உடையவர். அவ்வேறுபாடு இளங்கோவடிகளின் கதைக்கு இருவரும் ஒருங்கே பணிசெய்வதைத் தடுக்கவில்லை. 1965-ஆம் ஆண்டுத் திருவிளையாடலில், சினங்கொண்டு குன்றேறிய குமரனைத் தணிக்கும் ஔவையாக மீண்டும் தோன்றினார். 1973-ஆம் ஆண்டில் காரைக்கால் அம்மையாராகவும் பாடி நடித்தார். சைவ அடியார், பௌத்தத் துறவி, சமண மூதாட்டி எனச் சமயங்கள் வேறாயினும், இவர்கள் யாவரும் ஆடவர் ஒருவரைச் சார்ந்து நில்லாதவர். தம் உள்ளத்து உறுதியால் நின்றவர். மேடையில் தலைவி வேடத்தை இழந்தவர்க்குத் தமிழ் இலக்கியமே வேடங்களை எடுத்து வழங்கியது என்னலாம்.

முதுமையிலும் அக்குரல் தளரவில்லை. கோயம்புத்தூரைச் சார்ந்த சின்னப்பா தேவர் 1969-ஆம் ஆண்டில் எடுத்த துணைவன் என்னும் படத்திற் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதை அவர் பெற்றார். அப்போது அறுபது வயதைக் கடந்திருந்தார். 1970-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் வந்தெய்தியது. 1980-ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார். கிட்டப்பா மறைந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக, தாம் உடுத்த வெள்ளாடையையும் பூண்ட உறுதியையும் அவர் மாற்றவில்லை.

அம்மையாரின் உறுதியைப் போற்றும் நாம், அதனைக் கைம்பெண்டிர் யாவர்க்கும் உரிய சட்டமாக்கிவிடுதல் பெரும்பிழையாகும். வெள்ளாடை பிறரால் உடுத்தப்படுமாயின் அது விலங்கு. தாமே விரும்பி உடுத்தியதனாலேயே அது அவருக்கு அணியாயிற்று. மறுமணம் செய்து நல்வாழ்வு வாழ்ந்த பெண்டிரினும் அவர் உயர்ந்தவர் என்று ஒப்பிடுதல் அவர்க்கும் சிறப்பன்று. நாம் அவரிடம் கற்கவேண்டியது ஆடையின் நிறத்தையன்று. சொன்ன சொல்லைக் காத்ததையும், அச்சொல்லால் தம் உழைப்பு நின்றுபோகாதபடி பார்த்துக்கொண்டதையுமே.

தாலந்தைப் பெற்றும் அதனை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அவன் அச்சத்தாலன்றோ அதனைப் புதைத்தான்? சுந்தராம்பாள் அம்மையார்க்கு அஞ்சத்தக்க காரணங்கள் அவனினும் மிகுதி. பள்ளிப் படிப்பில்லை, பொருளில்லை, குலப்பெருமை பேசுவோரின் ஆதரவில்லை, இளமையிலேயே கணவனுமில்லை. இருந்தது குரல் ஒன்றே. அதனை அவர் புதைக்கவில்லை. கல்வியும் நூலகமும் ஆசிரியர் அன்பும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற நாம், நம்மிடம் உள்ள சிறு திறமையையும் எத்தனை காரணங் கூறிப் புதைத்து வைக்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.