உபநிடதம் பெயர்த்த முகலாய இளவரசர்

முடி சூடியவர்களின் பெயரையே சரித்திர நூல்கள் பெரிதும் பேசும். முடி இழந்தோரை உலகம் எளிதில் மறந்துவிடும். ஆயினும், முடியும் இழந்து தலையும் இழந்த ஓர் இளவரசரை இந்துக்களாகிய நாம் நன்றியோடு நினைத்தற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் உபநிடதங்கள் மேனாட்டறிஞர் கைக்குச் சென்று சேர வழி திறந்தவர் அவரே. அவர் பிறந்த சமயமோ இஸ்லாம். பிறந்த குலமோ முகலாய அரசகுலம். தாரா ஷிக்கோ என்னும் அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரிலே சுருங்கக் கூறுவாம்.

ஷாஜகான் சக்கரவர்த்திக்கும் மும்தாஜ் மகாலுக்கும் மூத்த புதல்வராய், 1615ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் அஜ்மீர் நகரிலே தாரா தோன்றினார். 1633ஆம் ஆண்டில் நாதிரா பானு என்னும் அரசகுமாரியை மணந்தார். தம்பியராகிய ஷூஜா, ஔரங்கசீப், முராத் ஆகிய மூவரும் தூரதேச மாகாணங்களை ஆளச் சென்றனர். தாராவையோ தந்தையார் தம் பக்கத்திலேயே வைத்துப் போற்றினார். சிங்காசனத்தின் அருகே பொன்னாசனம் இட்டு அவரை இருத்தினார். அடுத்த சக்கரவர்த்தி இவரே என்பது யாவர்க்கும் வெளிப்படையாயிற்று.

அரச போகத்தின் நடுவிலே இருந்தும், இளவரசரின் உள்ளம் மெய்ஞ்ஞானிகளையே நாடியது. இலாகூரிலே வாழ்ந்த மியான் மீர் என்னும் சூபி மகானிடம் அவர் பேரன்பு பூண்டார். அம்மகானின் மாணாக்கராகிய முல்லா ஷாவைக் குருவாகக் கொண்டு காதிரி நெறியிற் புகுந்தார். தமக்கையார் ஜஹானாராவும் அக்குருவையே அடைந்தனர். 1640ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது அளவில், இஸ்லாமிய மகான்களின் சரித்திரத்தைத் தாரா ஒரு நூலாக எழுதி முடித்தார்.

தம் சமயத்து ஞானிகளோடு அவர் தேடல் நின்றுவிடவில்லை. பாபா லால் என்னும் இந்துத் துறவியாரைக் கண்டு, வினாவும் விடையுமாக நெடிது அளவளாவினார். 1655ஆம் ஆண்டில் ‘இரு கடல்களின் சங்கமம்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு பாரசீக நூலை இயற்றினார். பஞ்சபூதம், பிராணன், ஆன்மா, முத்தி முதலாய பொருள்கள் பற்றிச் சூபிகள் கூறுவதையும் இந்து ஞானிகள் கூறுவதையும் அந்நூல் ஒப்பிட்டுக் காட்டும். மெய்ப்பொருளை அறிவதில் இரு திறத்தாருக்கும் இடையே சொல் வேற்றுமையே அன்றிப் பொருள் வேற்றுமை தாம் கண்டிலர் என்பது அவர் முடிபு.

இம்முயற்சியின் சிகரமாய் அமைந்தது உபநிடத மொழிபெயர்ப்பு. காசியிலிருந்து பண்டிதரையும் சந்நியாசிகளையும் டில்லிக்கு வரவழைத்து, யமுனைக் கரையில் இருந்த தம் மாளிகையிலே அவர்களோடு இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்திலே பெயர்த்தனர். ஈசம், கேனம், கடம், முண்டகம், சாந்தோக்கியம், பிருகதாரணியகம் என்பனவெல்லாம் அவற்றுள் அடங்கும். 1657ஆம் ஆண்டில் நிறைவெய்திய அந்நூலுக்குப் ‘பெரும் இரகசியம்’ என்று பெயரிட்டார்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். தாரா தம் சமயத்தை விட்டு வந்து உபநிடதத்தைப் படித்தவர் அல்லர். திருக்குர்ஆனிலே சொல்லப்படும் மறைவான நூல் யாது என்று ஆராய்ந்து, அது உபநிடதமே என்று துணிந்தவர். தம் வேதத்தின் பொருளைத் தெளிதற்கே பிறர் வேதத்தை நாடினார். அதனையும் கேள்விப்பட்ட அளவில் அறிய முயலாது, அதனை ஓதியுணர்ந்தவர்களை அழைத்துக் கேட்டறிந்தார். பிற சமயத்தை அறியும் முறை இதுவன்றோ!

அவர் குறையற்றவர் அல்லர். பிரபுக்களின் மனத்தைப் புண்படுத்தும் செருக்கு அவரிடம் இருந்ததென்பர். போர்த்திறனும் அவர்க்கு வாய்க்கவில்லை. 1653ஆம் ஆண்டிலே காந்தகாரை முற்றுகையிட்டுத் தோல்வியுற்று மீண்டார். 1657ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஷாஜகான் நோயுற்றபோது, சகோதரரிடையே அரசுரிமைப் போர் மூண்டது. 1658ஆம் ஆண்டில் ஆக்கிராவை அடுத்த சாமுகரிலே நிகழ்ந்த பெரும்போரின் நடுவே, தாரா யானையினின்றும் இறங்கிக் குதிரை மீது ஏறினார். யானைமேல் இருக்கை வெறுமையாய் இருத்தலைக் கண்ட படைஞர், தலைவர் இறந்தாரென மயங்கிச் சிதறினர். வெற்றி ஔரங்கசீப்புக்காயிற்று. ஷாஜகான் ஆக்கிராக் கோட்டையிலே சிறைப்பட்டு, 1666ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார்.

இதனை இரு மதத்தார் பொருத போராகக் கொள்வது பிழை. இராசபுத்திர மன்னருள் ஜெயசிங்கர் ஔரங்கசீப்பின் பக்கம் சேர்ந்தார். துணை செய்வதாகத் தாராவுக்கு வாக்களித்த ஜஸ்வந்த்சிங்கரும் உற்றவேளையிற் கைவிட்டார். போர் அரசுரிமை பற்றியது. மதம் அதற்கு ஒரு கருவியாயிற்று.

இலாகூர், மூல்தான், சிந்து, குஜராத் என்று அலைந்த தாரா, 1659ஆம் ஆண்டு மார்ச்சில் அஜ்மீரின் அருகே மீண்டும் தோற்று, பாரசீகம் செல்ல எண்ணி மேற்கே போயினார். வழியிலே நாதிரா உயிர் நீத்தார். மியான் மீரின் சமாதி அருகே அடக்கம் செய்யுமாறு அவர் உடலை இலாகூருக்கு அனுப்பி, எஞ்சியிருந்த நம்பிக்கையான வீரரையும் அதற்குக் காவலாக விடுத்தார். காவலின்றி நின்ற அவரை, மாலிக் ஜீவன் என்னும் தலைவன் பிடித்துப் பகைவரிடம் ஒப்புவித்தான். முன்னொருகால் அவனுக்கு ஷாஜகான் விதித்த மரணதண்டனையை நீக்கி உயிர் அளித்தவர் தாராவே!

அழுக்குடை உடுத்து, அலங்காரமற்ற யானைமீது டில்லி வீதியிலே அவரைக் கொண்டு சென்றனர். மக்கள் கண்ணீர் சொரிந்தனர். அக்காட்சியைப் பேர்னியர் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நேரிற் கண்டு எழுதி வைத்துள்ளார். தாரா சமயத்துரோகி என்று தீர்ப்பாயிற்று. இந்துக்களோடு உறவாடியமையும், மோதிரத்திலே ‘பிரபு’ என்னும் இறைநாமத்தை நாகரி எழுத்திற் பொறித்தமையும் குற்றங்களாகக் கூறப்பட்டன. 1659ஆம் ஆண்டிலே அவர் தலை கொய்யப்பட்டது. உடல் உமாயூன் சமாதியிலே அடக்கமாயிற்று.

ஆனால் நூல் அழியவில்லை. அதன் பிரதியொன்று 1775ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து அறிஞராகிய அங்கெத்தில் துப்பெரோன் கைக்கு எட்டியது. அவர் அதனை இலத்தீனிலே பெயர்த்து, 1801, 1802ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார். யேர்மனியத் தத்துவஞானி சோப்பன்ஹோவர் அதனைப் படித்து, தம் வாழ்வுக்கும் சாவுக்கும் ஆறுதலாகப் போற்றினார். சமஸ்கிருத மூலத்தினின்றும் நேரே பெயர்த்த நூல்கள் பின்னரே பெருகின.

இளைஞர்களே! ஓர் இஸ்லாமிய இளவரசர் தம் மாளிகையைப் பாடசாலையாக்கி, பிறமொழி நூலாகிய உபநிடதத்தைப் பொருளுணர்ந்து கற்றார். அதன் பயனாக உயிரையும் இழந்தார். இன்று அவை தமிழிலே நம் கைக்கு எட்டும் விலையிற் கிடைக்கின்றன. அவற்றை விரித்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? நம் நூலை நாம் கற்றல் முதற்கடன். அயலவர் நூலை, அதனை அறிந்த அயலவரிடமே பணிவோடு கேட்டல் அடுத்த கடன். இவ்விரண்டையும் செய்வோமாயின், அதுவே தாரா ஷிக்கோவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.