காகிதத் தோட்டா மூட்டிய தீ: மங்கள் பாண்டேயின் கதை

ஒரு விரல் நீளம்தான். காகிதத்தால் சுற்றிய சிறு சுருள். அதற்குள் ஒரு தேக்கரண்டி அளவு கரிமருந்து. ஓர் ஈயக் குண்டு. அவ்வளவுதான்.

இதைப் பல்லால் கடிப்பதா, கூடாதா? இந்தக் கேள்வி எழுந்த அதே ஆண்டில், 1857-ல், வடநாடு தீப்பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டிலேயே கும்பினி ஆட்சி முடிந்தது.

அந்தக் கிளர்ச்சியில் முதன் முதலில் பெயர் எடுத்தவர் மங்கள் பாண்டே. முப்பது வயது கூட நிரம்பாத சிப்பாய்.

ஏழு ரூபாய்ச் சம்பளம்

மங்கள் பாண்டே பிராமண குலத்தில் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்தில் பலியா மாவட்டம் நக்வா கிராமம் அவரைத் தன் பிள்ளை என்று கொண்டாடுகிறது.

1849-ம் ஆண்டில் அவர் கும்பினிப் படையில் சேர்ந்தார். வங்காளத்தின் 34-வது காலாட்படை. அதில் 5-வது கம்பெனி. அவருடைய எண் 1446.

காலாட்படைச் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய் சம்பளம். சாப்பாட்டுச் செலவு அதிலிருந்துதான். மிச்சத்தை ஊருக்கு அனுப்ப வேண்டும்.

பணம் குறைவுதான். ஆனால் மரியாதை உண்டு. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை ஊருக்கு வந்தால் கிராமமே கூடி வரவேற்கும்.

வங்காளப் படையில் இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் அயோத்தியையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்தவர்கள். பிராமணர்களும் ராஜபுத்திரர்களும் அதிகம். முஸ்லிம்களும் இருந்தார்கள்.

பிராமணச் சிப்பாய்கள் குளித்துவிட்டுத் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். பட்டாளத்திலும் ஆசாரம் விடமாட்டார்கள். ஆசாரம் கெட்டால் சாதியை விட்டுத் தள்ளி விடுவார்கள். பந்தியில் இடம் இல்லை. பெண் கொடுக்க ஆள் இல்லை. பெற்ற தாயின் வீட்டிலும் தனித் தட்டுதான்.

இதை மனத்தில் வைத்துக் கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

புதிய துப்பாக்கி வந்தது

சிப்பாய்கள் வைத்திருந்தது பழைய மஸ்கட் துப்பாக்கி. குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். குண்டு குழலை விடச் சிறியது. சுட்டால் உள்ளே தட்டித் தட்டி வெளியே போகும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயம் இல்லை.

1853-ல் இங்கிலாந்தில் என்பீல்டு என்ற புதிய ரைபிள் வந்தது. இதன் குழலுக்குள் மூன்று பள்ளங்கள் சுருள் சுருளாக வெட்டப்பட்டிருந்தன. அந்தப் பள்ளங்களில் குண்டு பம்பரம் போலச் சுழன்று போகும். பல நூறு கஜ தூரத்திலும் குறி தவறாது.

அதற்கு முன்னும் ரைபிள்கள் இருந்தன. ஆனால் பள்ளத்தில் குண்டு இறுகப் பிடிக்க வேண்டுமே! அதனால் குண்டை வாய்ப்பக்கமிருந்து அடித்து அடித்து இறக்க வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி வந்து விடுவான்.

என்பீல்டு குண்டு இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது. குண்டு குழலை விடச் சற்றே சிறியது. சுலபமாக உள்ளே இறங்கும். அதன் அடிப்பாகம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். மருந்து வெடித்ததும் அந்தக் குழி விரியும். குண்டு பருத்துப் பள்ளங்களைப் பற்றிக் கொள்ளும்.

தோட்டாவுக்குள் என்ன?

தோட்டா செய்ய ஒரு மரக்குச்சி வேண்டும். அதன்மேல் கெட்டிக் காகிதத்தைச் சுற்றிக் குழாய் ஆக்குவார்கள். அதன்மேல் மெல்லிய காகிதம். குழாயின் ஒரு முனையில் 34 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. மறுபக்கம் நாலரை கிராம் கரிமருந்து. பிறகு மருந்துப் பக்கத்து முனையை முறுக்கி மூடி விடுவார்கள்.

குண்டு இருக்கும் முனையை உருக்கிய கொழுப்பிலும் மெழுகிலும் தோய்ப்பார்கள். ஏன்? கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் புகைக்கரி படியும். நாலைந்து தடவை சுட்டதும் குண்டு இறங்காமல் சிக்கும். கொழுப்பு இருந்தால் வழுக்கிக் கொண்டு போகும்.

சுடும் முறை இது. சிப்பாய் இடது கையால் துப்பாக்கியைப் பிடிப்பான். வலது கையால் தோட்டாவை எடுப்பான். முறுக்கிய முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலில் கொட்டுவான். தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டுப் பக்கத்தைக் குழல் வாயில் செருகுவான். மிஞ்சிய காகிதத்தைப் பிய்த்து எறிவான். இரும்புச் சலாகையால் குண்டை அடிவரை தள்ளிக் கெட்டிப்பான். கடைசியில் சிறிய செம்பு மூடி ஒன்றைப் பின்னால் பொருத்துவான். பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி போன்றது அது. விசையை இழுத்தால் அது பொறி விடும். துப்பாக்கி வெடிக்கும்.

பழகிய சிப்பாய் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை சுடுவான்.

கடிப்பது ஒரு முனை. கொழுப்பு இருப்பது மறு முனை. ஆனால் வங்காளத்து வெயிலில் கொழுப்பு ஒரே இடத்தில் நிற்குமா? ஒரே கட்டில் அடுக்கிய தோட்டாக்களில் ஒன்றின் பிசுக்கு மற்றொன்றில் ஒட்டாதா? வாயில் படாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சொம்புத் தண்ணீர்

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தம்தம் என்ற ஊர். அங்கே தோட்டா செய்யும் தொழிற்சாலையும் புதிய ரைபிள் பயிற்சிக் கூடமும் இருந்தன.

1857 ஜனவரி. அந்தத் தொழிற்சாலைக் கூலியாள் ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவன் அவன். சிப்பாய் தன் சொம்பைத் தர மறுத்தார்.

கூலியாளுக்குக் கோபம். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைச் சிப்பாய் கடிக்கப் போகிறார்; அப்புறம் சாதி எங்கே இருக்கும் என்று கேலி பேசினான்.

பசு இந்துக்களுக்குப் புனிதம். பன்றி முஸ்லிம்களுக்கு விலக்கு. ஒரே தோட்டா இருவர் மனத்தையும் புண்படுத்தியது! செய்தி பாசறைக்குப் பாசறை பறந்தது.

கொழுப்பு எந்த மிருகத்தினுடையது? அதைக் கொடுத்தவர் ஒப்பந்தக்காரர். வாங்கியவர்கள் சரியாகச் சோதிக்கவில்லை. அதனால், பசுக் கொழுப்பு இல்லை என்று அடித்துச் சொல்ல அதிகாரிகளால் முடியவில்லை.

இத்தனைக்கும் 1853-லேயே எச்சரிக்கை வந்திருந்தது. சிப்பாய்களின் மதத்துக்கு ஆகாத கொழுப்பு இல்லை என்று தெரியும் வரை இந்தத் தோட்டாக்களைக் கொடுக்கக் கூடாது என்று டக்கர் என்ற படை அதிகாரி எழுதியிருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நம் வேலூரும் ஒரு பாடம் சொல்லியிருந்தது. 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள். தோல் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஐம்பது ஆண்டில் கும்பினியார் அதை மறந்து போனார்கள்.

காலம் கடந்த பரிகாரம்

பாரக்பூர், கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையில் உள்ள படை முகாம். மங்கள் பாண்டே இருந்தது அங்கேதான். ஜனவரி மாதமே அங்கே தந்தி அலுவலகம் இரவில் தீக்கிரையானது.

முகாமின் தலைவர் ஜெனரல் ஹியர்சி. சிப்பாய்களின் பாஷையை நன்றாகப் பேசுவார். அவர்களுக்குப் பிடித்த எண்ணெயையோ மெழுகையோ அவர்களே தடவிக் கொள்ளட்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஜனவரி இறுதியில் அனுமதி வந்தது.

ஆனால் பயம் அதற்குள் இடம் மாறி விட்டது. காகிதம் பளபளப்பாக இருக்கிறதே, அதிலேயே கொழுப்பு கலந்திருக்குமோ என்று சிப்பாய்கள் சந்தேகப்பட்டார்கள். காகிதத்தை எரித்துப் பார்த்தார்கள். தண்ணீரில் நனைத்துப் பார்த்தார்கள். மனம் ஆறவில்லை.

மார்ச்சில் இன்னொரு உத்தரவு வந்தது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம். முதலிலேயே சொல்லியிருந்தால் போதும். இப்போது அதுவும் தந்திரமாகத் தோன்றியது.

பிப்ரவரி 26-ம் தேதி பெர்காம்பூரில் இருந்த 19-வது படை தோட்டாவைத் தொட மறுத்தது. அவர்களுக்குக் கொடுத்தது புதிய தோட்டா கூட அல்ல; பழைய வகை வெற்றுத் தோட்டா! நம்பிக்கை போன பிறகு பழையது எது, புதியது எது?

அந்தப் படையைக் கலைப்பது என்று முடிவாயிற்று. பாரக்பூரில், மற்றச் சிப்பாய்களின் கண் எதிரே கலைக்க ஏற்பாடு. சிப்பாய்கள் எதிர்த்தால் அடக்குவதற்காக ரங்கூனிலிருந்து 84-வது வெள்ளைப் படை கப்பலில் வந்து இறங்கியது.

மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை

அன்று பிற்பகல் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் ஆற்றுத்துறையில் வந்து இறங்கினார்கள். முகாம் பரபரத்தது. நம்மைச் சுட வந்து விட்டார்கள் என்று பேச்சு.

மங்கள் பாண்டே குடிசையை விட்டு வெளியே வந்தார். மேலே சிவப்புச் சட்டை. கீழே வேட்டி. கையில் துப்பாக்கி. இடுப்பில் வாள். அன்று அவர் பங்கி உட்கொண்டிருந்தார்.

அந்தத் துப்பாக்கி என்பீல்டு அல்ல. பழைய மஸ்கட்தான். புதிய ரைபிள் அவர் படைக்கு இன்னும் வரவே இல்லை.

காவற்கூடத்தின் முன்னால் உலாவினார். மதத்தைக் காப்பாற்ற எல்லோரும் எழுந்து வாருங்கள் என்று தோழர்களைக் கூவி அழைத்தார். சிப்பாய்கள் வெளியே வந்தார்கள். பார்த்தார்கள். ஆனால் அவரோடு சேரவில்லை.

சார்ஜண்ட் மேஜர் ஹியூசன் ஓடி வந்தார். பாண்டே சுட்டார். தவறி விட்டது.

லெப்டினண்ட் பாவ் குதிரையில் பாய்ந்து வந்தார். பாண்டே மறுபடியும் சுட்டார். குண்டு குதிரை மேல் பட்டது. குதிரையும் ஆளும் விழுந்தார்கள். எழுந்த பாவ் கைத்துப்பாக்கியால் சுட்டார். அதுவும் தவறியது. பிறகு வாள் சண்டை. பாவும் ஹியூசனும் காயப்பட்டார்கள்.

ஷேக் பல்ட்டு என்ற சிப்பாய் மட்டும் ஓடி வந்து பாண்டேயின் இடுப்பைப் பிடித்துக் கொண்டார். இரண்டு வெள்ளையரும் தப்பினார்கள். காவல் சிப்பாய்கள் அசையவில்லை. அவர்களுடைய தலைவர் ஜமேதார் ஈசுவரி பிரசாத் பாண்டேயைப் பிடிக்க உத்தரவிடவில்லை.

ஹியர்சி தம் இரு மகன்களோடு குதிரையில் வந்தார். காவல் சிப்பாய்களைத் துப்பாக்கி முனையில் மிரட்டி முன்னே நடத்தினார்.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று பாண்டே கண்டு கொண்டார். துப்பாக்கியைத் தன் மார்பில் வைத்தார். கால் விரலால் விசையை அழுத்தினார். சட்டை தீப்பற்றியது. இரத்தம் கொட்டியது. ஆனால் உயிர் போகவில்லை.

தூக்கு மேடை

இரண்டு நாள் கழித்து, மார்ச் 31-ம் தேதி, 19-வது படை அங்கேயே கலைக்கப்பட்டது. மங்கள் பாண்டே அப்போது காயத்தோடு காவலில் கிடந்தார்.

ஏப்ரல் 6-ம் தேதி விசாரணை. நீதிபதிகளாக உட்கார்ந்தவர்கள் இந்திய சுபேதார்களும் ஜமேதார்களும்தான். தம் விருப்பப்படியே செய்ததாகப் பாண்டே சொன்னார். பங்கியும் அபினியும் உட்கொண்டிருந்ததை மறைக்கவில்லை. கூட்டாளிகள் யார் என்று துருவிக் கேட்டார்கள். ஒரு பெயர் கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஏப்ரல் 8-ம் தேதி காலை. முகாமின் படைகள் அணிவகுத்து நின்றன. எல்லோரும் பார்க்க மங்கள் பாண்டே தூக்கிலிடப்பட்டார்.

அதே மாதம் ஜமேதார் ஈசுவரி பிரசாத்தும் தூக்கிலிடப்பட்டார். மே 6-ம் தேதி பாரக்பூரில் இருந்த 34-வது படையும் கலைக்கப்பட்டது. சிப்பாய்கள் சீருடை இழந்து ஊர் திரும்பினார்கள். போகும் வழியெல்லாம் கதையும் போயிற்று.

தீ பரவியது

இதற்கிடையே ஏப்ரல் 24-ம் தேதி மீரட்டில் குதிரைப்படை வீரர் 90 பேருக்குத் தோட்டா நீட்டப்பட்டது. பழைய தோட்டா. கையால் கிழித்தால் போதும். 85 பேர் வாங்க மறுத்தார்கள். பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மே 9-ம் தேதி எல்லோர் முன்னிலையிலும் கால் விலங்கு பூட்டினார்கள்.

மறுநாள், மே 10-ம் தேதி மாலை, மீரட் வெடித்தது. சிறைக் கதவு உடைந்தது. மே 11-ம் தேதி சிப்பாய்கள் டில்லியில் இருந்தார்கள்.

தோட்டா மட்டுமே காரணம் அல்ல. 1856-ல் கும்பினியார் அயோத்தி நாட்டையே விழுங்கியிருந்தார்கள். புதிதாகச் சேரும் சிப்பாய்கள் கடல் கடந்தும் போக வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. விறகு அடுக்கியாகி விட்டது. தோட்டா நெருப்பு வைத்தது.

மங்கள் பாண்டே அழைத்தபோது ஒருவரும் வரவில்லை. ஆறு வாரம் கழித்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எழுந்த சிப்பாய்களை எல்லாம் வெள்ளையர்கள் பாண்டி என்றே அழைத்தார்கள். தூக்கில் போட்ட ஒருவரின் பெயரை எதிரிகளே ஆயிரம் பேருக்குச் சூட்டினார்கள்!

1866-ல் பிரிட்டிஷ் ராணுவம் என்பீல்டு ரைபிள்களைப் பின்பக்கம் திறந்து தோட்டா போடும்படி மாற்றத் தொடங்கியது. உலோகத் தோட்டா வந்தது. கடிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். காகிதத் தோட்டாவின் காலம் முடிந்தது.

1984-ல் இந்திய அரசு மங்கள் பாண்டேயின் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. பாரக்பூரில் கங்கைக் கரையில் அவர் பெயரால் பூங்கா இருக்கிறது. ஏழு ரூபாய்ச் சிப்பாயின் பெயரை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.