அரியலூரும் சாஸ்திரிஜியும்

தலைமைப் பண்பு பற்றி இன்று ஏராளமான புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் வந்துவிட்டன. மத்திய அரசில் முப்பது வருஷங்களுக்கு மேல் உத்தியோகம் பார்த்த எனக்கு, லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்க்கை ஒன்றே போதுமென்று தோன்றுகிறது.

1904 அக்டோபர் 2-ம் தேதி முகல்சராயில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனாரை இழந்தார். சாஸ்திரி என்பது குலப்பெயர் அல்ல. காசி வித்யாபீடத்தில் பெற்ற பட்டம். ஜாதிப் பெயரை இளமையிலேயே விட்டுவிட்டவர் அவர்.

1952-ல் ரயில்வே அமைச்சரானார். 1956-ல் மகபூப்நகர் அருகே பெரும் விபத்து நடந்தபோது ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுபடியும் ராஜினாமா. இம்முறை நேரு ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதால் அல்ல, நல்ல மரபு ஒன்று நிலைக்க வேண்டும் என்பதற்காக.

அமைச்சர் விலகினால் பாலம் பலப்பட்டுவிடுமா? நியாயமான கேள்விதான். ஆனால் தவறு நடந்த அலுவலகங்களில் விசாரணைக் கோப்பு படிப்படியாகக் கீழே இறங்கி, ஒரு கடைநிலை ஊழியர் தலையில் விடிவதை நான் பார்த்திருக்கிறேன். பயந்த ஊழியர் குறைகளை மேலே சொல்ல மாட்டார். மறைத்த குறைதான் அடுத்த விபத்து. மேலதிகாரி பொறுப்பேற்றால் அந்த பயம் விலகும். விடை தப்பாக வந்தால் முதலில் உன் கருவியைச் சரிபார் என்று பௌதிகச் சோதனைச்சாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்.

1964 ஜூனில் பிரதமரானார். மறு வருஷம் யுத்தம். கூடவே உணவுத் தட்டுப்பாடு. வாரம் ஒரு வேளை உணவைத் தியாகம் செய்யும்படி மக்களைக் கேட்டார். அதற்குமுன் தம் வீட்டில் அதைச் செய்து பார்த்தார் என்று அவர் புதல்வர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கரோல்பாக்கில் எங்கள் வீட்டிலும் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு மூட்டவில்லை. பள்ளிக்கூடப் பையனான எனக்கு நன்றாகவே பசித்தது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. கேட்டவரும் பட்டினி கிடக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பட்டினியோடு அவர் நிற்கவில்லை. எதிர்ப்புகளுக்கிடையே மெக்ஸிகோ கோதுமை விதைகளைக் கொண்டுவந்த உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்துக்குத் துணை நின்றார். 1964-ல் ஆனந்த் கூட்டுறவுப் பால்பண்ணையை நேரில் பார்த்தார். 1965-ல் தேசிய பால்வள வாரியம் பிறந்தது.

1966 ஜனவரி 10-ம் தேதி தாஷ்கண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மறுநாள் அதிகாலை அங்கேயே காலமானார். பத்தொன்பது மாதங்களே பதவியில் இருந்தார். பியட் கார் வாங்க அவர் பெற்ற 5,000 ரூபாய் வங்கிக் கடனின் பாக்கியை மனைவி லலிதா தம் பென்ஷனிலிருந்து அடைத்தார்.

உத்தியோகத்தில் உயரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பாராட்டு வந்தால் கீழே இருப்பவருக்குப் பகிர்ந்து கொடுங்கள். பழி வந்தால் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.