கொடுமுடி தந்த குரல்

திருப்பூரிலிருந்து ஈரோடு சென்று, அங்கிருந்து கரூர் செல்லும் இரயில் வண்டியில் ஏறினால் இடையில் வருவது கொடுமுடி. காவிரிக் கரையில், தேவார மூவராலும் பாடப்பெற்ற பழம்பதி. அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிறந்தவர் சுந்தராம்பாள். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம். தாய் பாலாம்பாளுக்கு மக்களைக் காக்க வழியில்லை. ஆகவே அச்சிறுமியின் முதல் அரங்கம் இரயில் பெட்டியாக அமைந்தது. பயணிகள் இட்ட காசே வீட்டில் உலையேற்றியது.

நம் மாணவருள் பலர் அவரை ஔவையாராக மட்டுமே அறிவர். நெற்றியில் நீறும் கையில் கோலுமாக முருகனைப் பாடும் மூதாட்டி என்னும் அளவிலேயே அவரை நிறுத்திவிடுகிறோம். இது போதாது என்பது எமது எண்ணம். அக்குரலில் பக்திக்கு முன்னரே பசி இருந்தது. பின்னர்ப் பிரிவும் வந்து சேர்ந்தது.

இரயிலில் அவர் பாடியதைக் கேட்டு வியந்தவர் நடேச ஐயர். அவர் இரயில்வே அலுவலர். நாடகக் கலையில் தோய்ந்தவர். அவர் முயற்சியால் சிறுமி வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் பாட்டு எட்டியாக வேண்டும். சுந்தராம்பாளின் உச்சக் குரல் அந்தத் தேவையில் உரம் பெற்றது. ஆர்மோனியத்திற்குக் காதர் பாட்சா போன்ற மேதைகள் விளங்கிய மேடை அது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் இணைந்து நடித்தார். இருவர் குரலும் ஒன்றையொன்று வெல்ல முயன்றதைக் காணவே மக்கள் திரண்டனர். 1927-இல் திருமணம் நிகழ்ந்தது. கிட்டப்பா முன்னரே மணமானவர். சில ஆண்டுகளில் பிரிவு நேர்ந்தது. அந்நாளில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அன்பும் சினமும் கெஞ்சுதலும் தன்மானமும் கலந்த அக்கடிதங்களைப் படிக்கும்போது, மேடையில் முழங்கிய பெண்ணின் தனிமை விளங்குகிறது. இதில் கிட்டப்பாவின் பக்கம் நின்று வாதாட எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் 1933 டிசம்பர் 2-இல் அவர் தம் 28-ஆம் வயதில் மறைந்தபோது, அந்த அம்மையார் வெள்ளாடை உடுத்தினார், அணிகலன் துறந்தார், ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். அப்போது அவருக்கு வயது 25.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே துயரையே பண்ணாக்கிப் பாடும் ‘புளூஸ்’ என்னும் இசை உண்டு. அதன் பேரரசியாகப் போற்றப்பெற்ற பெஸ்ஸி ஸ்மித் என்பாரும் பெற்றோரை இழந்து, தெருவில் பாடிக் காசு சேர்த்தவரே. 1923-இல் இசைத்தட்டில் பாடிப் புகழடைந்து, 1937-இல் ஊர்தி விபத்தில் மாண்டார். பண்ணும் மொழியும் வேறு. எனினும் இசைத்தட்டுகளில் ஒலிக்கும் நம் அம்மையாரின் குரலைக் கேட்ட பின் இந்த ஒப்புமையைத் தவிர்க்க இயலவில்லை.

உறுதியைக் காத்தபடியே அவர் திரைக்கு வந்த விதம் புதுமையானது. ‘பக்த நந்தனார்’ (1935) படத்தில் நந்தனார் வேடத்தையே அவர் ஏற்றார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் இலட்சம் ரூபாய் என்பர். படத்தைக் கல்கி கடுமையாக எள்ளி எழுதினார். பாட்டை எவரும் எள்ளவில்லை. பின்னர் ‘மணிமேகலை’, ஜெமினியின் ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) எனச் சிலவே நடித்தார். துறவியும் மூதாட்டியுமே அவர் ஏற்ற வேடங்கள். ‘பூம்புகா’ரில் அவர் ஏற்ற கவுந்தியடிகள் சமணத் துறவி என்பதை, அவரை ஒரு சமயத்துக்குள் அடக்க நினைப்போர் கருதுவாராக.

தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் பாடியதும், 1950-களில் சட்ட மேலவை உறுப்பினரானதும் நாட்டு வரலாறு. பத்மஸ்ரீ விருது 1970-இல் வந்தது. ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவ்வயதிலும் மேல் நிலையில் சுருதி பிசகவில்லை.

1980 செப்டம்பர் 19-இல் அவர் மறைந்தார். கிட்டப்பா இறந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகளும் அந்த அம்மையார் வெள்ளாடையே உடுத்தியிருந்தார்.